வாங்காமல் போகிறவரும் வாடிக்கையாளரே
ஸ்பெயின் நாட்டு டோரஸ் நிறுவனம் தரும் வணிகப் பாடம்



இரவு கடையடைக்கும் முன் நாம் எல்லோரும் ஒரு கணக்குப் பார்க்கிறோம். என்ன விற்றது, எவ்வளவு வந்தது, எது தீர்ந்தது, நாளைக்கு எது வாங்க வேண்டும் என்ற கணக்கு அது. ஆனால் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத இன்னொரு கணக்கு இருக்கிறது. இன்று யார் வாங்காமல் போனார், ஏன் போனார் என்பதே அந்தக் கணக்கு.

மாதந்தோறும் மூன்று கிலோ சர்க்கரை வாங்கிய ஒருவர் திடீரென்று ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் என்ன நினைப்போம்? "எதிர்க் கடைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது" என்று நினைப்போம். உண்மையில் அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. மருத்துவர் சொல்லிவிட்டார், குறைத்துவிட்டார். அவருக்கு நம் மேல் கோபம் இல்லை. நம் சரக்கின் மேலும் குறை இல்லை. ஆனாலும் அவர் பணம் நம் கல்லாவுக்கு வரவில்லை. இத்தகைய வாடிக்கையாளருக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு, 1870-ஆம் ஆண்டிலிருந்து திராட்சை மது (ஒயின்) தயாரித்து விற்கும் ஒரு குடும்ப நிறுவனம் சொன்ன விடையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். மது வியாபாரத்தைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. மது விற்றே பெயர் எடுத்த ஒரு நிறுவனம், மது அருந்தாதவருக்காக எப்படி ஒரு சரக்கைத் தயாரித்தது, அதில் எதைப் பணயம் வைத்தது என்பதே நாம் கற்க வேண்டியது.

இளைய மகன் தொடங்கிய கடை

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில் கத்தலோனியா என்னும் பகுதி இருக்கிறது. அதன் தலைநகரான பார்சிலோனாவிலிருந்து சிறிது தூரத்தில் பெனடெஸ் என்ற திராட்சை விளையும் வட்டாரமும், அதன் சந்தை ஊராகிய வில்லாஃபிராங்காவும் உள்ளன. அங்கே தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தது டோரஸ் குடும்பம்.

கத்தலோனியாவின் பழைய வழக்கப்படி குடும்பச் சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்கே போகும். இளையவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டும். டோரஸ் குடும்பத்தின் இளைய மகனான ஹைமே டோரஸ் அவ்வாறுதான் கப்பலேறிக் கியூபா தீவுக்குச் சென்றார். அங்கே எண்ணெய் வியாபாரத்திலும் கப்பல் தொழிலிலும் பொருளீட்டினார். பின்னர் ஊர் திரும்பி, திராட்சையும் மதுவும் அறிந்த சகோதரர் மிகேலுடன் கூட்டுச் சேர்ந்து 1870-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒருவர் கையில் முதல், மற்றவர் கையில் தொழில். கூட்டு வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

கப்பல் தொடர்பு இருந்ததால் ஏற்றுமதி அவர்களுக்கு எளிதாயிற்று. 600,000 லிட்டர் கொள்ளும் மாபெரும் மரத்தொட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். அக்காலத்தில் அது பெரிதும் பேசப்பட்டது. அன்றைய வியாபாரம் எல்லாம் பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில்தான். வாங்குகிறவர் பீப்பாயில் வாங்கித் தம் பெயரில் விற்பார். தயாரித்தவர் யார் என்பது குடிக்கிறவருக்குத் தெரியாது.

குண்டு விழுந்த பின் எடுத்த முடிவு

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. போர் முடியும் தறுவாயில், 1939 தொடக்கத்தில், வில்லாஃபிராங்காவில் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த டோரஸ் ஆலையின் மீது விமானக் குண்டு விழுந்தது. பல ஆண்டுச் சேமிப்பு அழிந்தது.

அப்போது பொறுப்பில் இருந்தவர் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த மிகேல் டோரஸ் கார்போ. அவர் ஆலையைத் திரும்பக் கட்டினார். கட்டும்போது ஒரு முடிவையும் எடுத்தார். இனிமேல் பீப்பாயில் மொத்தமாக விற்பதை விட்டு, புட்டியில் அடைத்து, தன் பெயர் ஒட்டி விற்க வேண்டும் என்பதே அது.

இந்த முடிவின் கனத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாக்கில் விற்கும் பருப்புக்கும் பொட்டலத்தில் பெயர் போட்டு விற்கும் பருப்புக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். சாக்கில் கல் இருந்தால் கடைக்காரர் பேச்சுக் கேட்பார். பொட்டலத்தில் கல் இருந்தால் பெயர் போட்டவர் பேச்சுக் கேட்பார். பெயர் போடுவது லாபத்துக்கு வழி என்று மட்டும் எண்ணக்கூடாது. அது பொறுப்புக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் பிரான்சு நாட்டுச் சரக்கு அமெரிக்காவுக்குப் போவது தடைப்பட்டது. மிகேலும் அவர் மனைவியும் அமெரிக்கா சென்று உணவகம் உணவகமாக ஏறி இறங்கித் தம் சரக்கை அறிமுகம் செய்தார்கள். 1954-இல் 'சாங்ரே தே டோரோ' (காளையின் இரத்தம் என்று பொருள்) என்ற சிவப்பு ஒயின் வந்தது. அதன் புட்டிக் கழுத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் காளை தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், வேற்று நாட்டவரும் "அந்தக் காளை போட்ட புட்டி" என்று கேட்டு வாங்கலாம். விளம்பரத்தின் இலக்கணமே இதுதான்.

அவருடைய மகன் மிகேல் அ. டோரஸ் பிரான்சின் திஜோன் நகரில் மதுத் தொழிற்கல்வி கற்று, 1962-இல் நிறுவனத்தில் சேர்ந்தார். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, நொதிக்கும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறை, அயல்நாட்டுத் திராட்சை வகைகள் எனப் பல புதுமைகளைக் கொண்டுவந்தார். 1979-இல் பாரிசில் நடந்த போட்டியில், பெயர் மறைத்துச் சுவைபார்த்த நடுவர்கள், டோரஸின் 1970-ஆம் ஆண்டு ஒயினை உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுச் சரக்குகளுக்கு மேலாக மதிப்பிட்டார்கள். பீப்பாய் வியாபாரியின் பெயர் உலகப் பெயராயிற்று.

அந்தப் பெயரைத்தான் நிறுவனம் பின்னர் ஒரு புதிய சோதனையில் பணயம் வைத்தது.

ஊர் மாறியது, குடிப்பழக்கமும் மாறியது

ஸ்பெயினில் ஒயின் என்பது சாப்பாட்டோடு சேர்ந்த பொருள். வயல்வேலை செய்தவர்கள் மதிய உணவோடு அருந்துவார்கள். 1970-களில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 60 லிட்டருக்கு மேல் செலவானது. பின்னர் அது ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, அதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

காரணங்கள் பல. மக்கள் வயலை விட்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். மதியம் அருந்திவிட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியாது. இளைஞர்கள் பீருக்கும் குளிர்பானத்துக்கும் மாறினார்கள். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். வீட்டுக்கு வீடு கார் வந்தது. மது அருந்தி ஓட்டினால் தண்டனை கடுமையாயிற்று. 2006 ஜூலை முதல் தேதியன்று ஸ்பெயினில் புள்ளி முறை ஓட்டுநர் உரிமம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் கணக்கில் 12 புள்ளிகள் இருக்கும். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் ஒரே தடவையில் 4 அல்லது 6 புள்ளிகள் போய்விடும். புள்ளி எல்லாம் தீர்ந்தால் உரிமமே போகும்.

இப்போது ஒரு குடும்ப விருந்தைக் கற்பனை செய்து பாருங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கார் ஓட்ட வேண்டியவர். ஒருவர் கருவுற்ற பெண். ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறவர். இன்னொருவருக்கு மது பிடிக்காது. இந்த நான்கு பேருக்கும் எதிரே என்ன வைப்பது? தண்ணீர் அல்லது குளிர்பானம். பத்துப் பேர் விருந்தில் ஆறு பேருக்குத்தான் ஒயின் வியாபாரிக்கு விற்பனை. மீதி நான்கு பேரும் "வாங்காமல் போகிறவர்கள்".

ஆனால் இதே ஸ்பெயினில் பீர் வியாபாரிகள் இந்த நான்கு பேரையும் விடவில்லை. ஆல்கஹால் நீக்கிய பீர் அந்நாட்டில் மிகச் சாதாரணமான சரக்கு. ஐரோப்பாவிலேயே அதை அதிகம் பருகும் நாடுகளில் ஸ்பெயின் முன்னணியில் நிற்கிறது. மதியம் உணவகத்தில் அதைக் கேட்பதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தொழிலில் ஏற்கெனவே வெற்றி பெற்ற வழி, ஒயின் தொழிலில் மட்டும் திறக்கப்படாமல் கிடந்தது.

டோரஸ் நிறுவனம் 2007-08 வாக்கில் அந்தக் கதவைத் திறந்தது. 'நத்துரேயோ' என்ற பெயரில் ஆல்கஹால் நீக்கிய வெள்ளை ஒயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இது வெறும் திராட்சைச் சாறு அன்று

இங்கே பலருக்கும் ஒரு ஐயம் எழும். "மது இல்லை என்றால் அது திராட்சைச் சாறுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது.

திராட்சைச் சாறு நொதிக்காதது. அதன் இனிப்பு முழுவதும் அப்படியே இருக்கும். ஒயின் ஆகும்போது சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. இனிப்புக் குறைந்து, புளிப்பும் துவர்ப்பும் புதிய மணங்களும் தோன்றுகின்றன. ஆல்கஹால் நீக்கிய ஒயின் என்பது, முதலில் முழுமையாக ஒயினாக்கி, அதன் பிறகு ஆல்கஹாலை மட்டும் பிரித்தெடுத்தது. மாவாக அரைத்து, புளிக்கவைத்து, அதன் பிறகு புளிப்பை உண்டாக்கிய ஒன்றை மட்டும் வெளியே எடுப்பது போன்ற வேலை. சுலபமன்று.

சாதாரண நிலையில் ஆல்கஹால் 78 டிகிரி வெப்பத்தில் ஆவியாகும். அப்படியானால் ஒயினைக் காய்ச்சினால் போதாதா? போதாது. ரசத்தை மூடாமல் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேளுங்கள். மணம் எல்லாம் கூரைக்குப் போய்விடும், சட்டியில் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். ஒயினும் அப்படித்தான்.

இதற்கு வழி கண்டவர்களில் முன்னோடி, ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலுள்ள ரூடஸ்ஹைம் ஊரைச் சேர்ந்த கார்ல் யுங் என்னும் ஒயின் வியாபாரி. மருத்துவர் சொல்லுக்காக மதுவை விட்ட வாடிக்கையாளர்களைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் ஆல்கஹால் மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். இந்த இயல்பைக் கொண்டு 1908-இல் அவர் காப்புரிமை பெற்றார். வாங்காமல் போகிறவரைப் பற்றிய கவலை நூறாண்டுக்கு முன்பே ஒரு கண்டுபிடிப்பைத் தந்திருக்கிறது, பாருங்கள்.

டோரஸ் பயன்படுத்தும் முறை இதன் வளர்ந்த வடிவம். சுழலும் கூம்பு கோபுரம் என்று அந்த இயந்திரத்தைச் சொல்லலாம். உயர்ந்த எஃகு உருளைக்குள் கூம்பு வடிவத் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு தட்டு நிற்கும், அடுத்தது சுழலும். மேலிருந்து விடப்படும் ஒயின் மெல்லிய படலமாகப் பரவி இறங்கும். காற்று பெரும்பாலும் உறிஞ்சப்பட்டிருப்பதால் வெப்பம் அதிகம் வேண்டியதில்லை.

வேலை இரண்டு சுற்றில் நடக்கிறது. முதல் சுற்றில், ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில், மணத்தை மட்டும் பிரித்துத் தனியே சேமிக்கிறார்கள். இரண்டாம் சுற்றில், சற்றுக் கூடுதல் வெப்பத்தில், ஆல்கஹாலை எடுக்கிறார்கள். கடைசியில், சேமித்த மணத்தை மீதியுள்ள திரவத்தில் திரும்பச் சேர்க்கிறார்கள். தாளிப்பைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் கொட்டுவது போல.

முதலில் வெளியிட்ட சரக்குக்கு மஸ்கட் என்னும் திராட்சையைத் தேர்ந்ததிலும் கருத்து இருக்கிறது. மஸ்கட் இயல்பிலேயே மலர்மணம் மிகுந்தது. இயந்திரத்தில் சிறிது மணம் இழந்தாலும் மீதி நிற்கும். புதிய முறையைச் சோதிப்பவர், தோற்க வாய்ப்புக் குறைந்த சரக்கை முதலில் எடுத்தார். பின்னரே ரோஸ், சிவப்பு, நுரைக்கும் வகை ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன.

செலவுக் கணக்கு

"ஒன்றை எடுத்துவிட்ட சரக்கு விலை குறைய வேண்டுமே" என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 சதவீதம் ஆல்கஹால் உள்ள 1,000 லிட்டர் ஒயினில் 120 லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. அதை எடுத்தால் அளவு அந்த அளவுக்குக் குறையும். தோட்டச் செலவு, பறிப்புக் கூலி, நொதிக்க வைக்கும் செலவு எதுவும் குறையவில்லை. அதன்மேல் இயந்திரச் செலவு சேர்கிறது. ஆகவே ஒரு லிட்டருக்கு அடக்க விலை கூடுமே தவிரக் குறையாது. சர்க்கரை இல்லாத பிஸ்கட் சாதாரண பிஸ்கட்டைவிட விலை கூடுதலாக இருப்பதைக் கடையில் விளக்கிச் சொல்லும் சிரமம் நமக்கு இருக்கிறதல்லவா? அதே சிரமம்தான் அங்கும்.

வாடிக்கையாளருக்கு என்ன ஆதாயம்? ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி உண்டு. 12 சதவீத ஒயின் 100 மில்லி லிட்டரில் ஏறக்குறைய ஒன்பதரை கிராம் ஆல்கஹால், அதாவது 66 கலோரி அளவு. அதை நீக்கிவிட்டால் இந்தக் கலோரி போகும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஆல்கஹாலே ஒயினுக்கு ஒரு கனத்தையும் மெல்லிய இனிப்பையும் தருகிறது. அதை எடுத்தால் சுவை நீர்த்து, புளிப்பு முன்னே வரும். அதைச் சமன்செய்ய இவ்வகைச் சரக்குகளில் சிறிது இனிப்பு விட்டுவைக்கப்படுவதோ சேர்க்கப்படுவதோ உண்டு. ஆல்கஹால் இல்லை என்பதற்காகச் சர்க்கரையும் இல்லை என்று பொருளாகாது.

எதைப் பணயம் வைத்தார்கள்?

இந்தச் சோதனையின் உண்மையான ஆபத்து பணத்தில் இல்லை, பெயரில் இருந்தது.

ஆல்கஹால் நீக்கிய ஒயின் என்றாலே "சப்பென்ற சரக்கு" என்று ஏளனம் செய்தவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். முந்தைய காலத்துச் சரக்குகள் பல அந்த ஏளனத்துக்குத் தகுதியாகவும் இருந்தன. இத்தகைய சரக்கில் நூற்றாண்டு கடந்த குடும்பம் தன் பெயரை ஒட்டலாமா? சுவை நன்றாக இல்லாவிட்டால் "டோரஸா இப்படிச் செய்தது?" என்று மற்றச் சரக்கின் மேலும் பழி வருமே?

வேறொரு வழியும் இருந்தது. யாரும் அறியாத புதுப்பெயரில், குடும்பப் பெயரை மறைத்து விற்றிருக்கலாம். விற்றால் லாபம், விற்காவிட்டால் யாருக்கும் தெரியாது. டோரஸ் அப்படிச் செய்யவில்லை. 'நத்துரேயோ' என்று தனிப்பெயர் வைத்தது உண்மை. ஆனால் தயாரித்தது டோரஸ் என்பதையும் சீட்டில் அச்சிட்டது. பின்னர் ஒருபடி மேலே போய், காளை தொங்கும் சாங்ரே தே டோரோ பெயரிலேயே ஆல்கஹால் இல்லாத வகையையும் வெளியிட்டது. புட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு இதனால் ஒரு மரியாதை கிடைக்கிறது. "உனக்கென்று ஏதோ ஒன்றைக் கொடுத்தோம்" என்றில்லாமல், "மற்றவருக்குக் கொடுத்த அதே கையால் உனக்கும் கொடுத்தோம்" என்று சொல்வது போல.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் சேர்கிறது. ஐரோப்பாவில் ஒயின் விற்பனைக்கு ஊர்ப்பெயர் பெரிய துணை. எந்த வட்டாரத்துச் சரக்கு என்ற முத்திரைக்கே தனி விலை உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆல்கஹால் முழுவதும் நீக்கிய ஒயின் அந்தப் பாதுகாக்கப்பட்ட வட்டார முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. ஓரளவு நீக்கியவற்றுக்கே அதற்கு வழி விடப்பட்டது. ஆகவே முழுவதும் நீக்கிய புட்டிக்கு ஊர்ப்பெயர் துணை நிற்காது. தயாரித்தவரின் பெயர் ஒன்றே சாட்சி.

டோரஸ் தொடங்கிய காலத்தில் இதற்கென்று தெளிவான ஐரோப்பியச் சட்டமே இல்லை. சட்டம் வர 2021 ஆயிற்று. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சரக்கை விடாமல் நடத்தினார்கள். அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பலவும் இத்துறைக்கு வந்தன. அதே பெனடெஸ் வட்டாரத்தில் நுரைக்கும் ஒயினுக்குப் பெயர்போன ஃப்ரெஷனெட் போன்றவையும் ஆல்கஹால் இல்லாத வகையை விற்கின்றன. பொறுமையாக இருந்தவருக்குத் தொடக்கத்திலேயே கற்ற பாடம் கையில் இருந்தது.

சீட்டைப் படித்து விற்க வேண்டும்

இனி வருவது இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி. எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் "இது இல்லை", "அது நீக்கியது" என்று எழுதிய சரக்கு நம் அலமாரிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சொற்களின் அளவை நாம் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொன்னது இது:

1. ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மேற்படாமல் இருந்தால் "ஆல்கஹால் நீக்கப்பட்டது" என்று எழுதலாம்.

2. 0.5 சதவீதத்துக்கு மேல், ஆனால் ஒயினுக்குரிய குறைந்தபட்ச அளவுக்குக் (வட்டாரத்தைப் பொறுத்து 8.5 அல்லது 9 சதவீதம்) கீழே இருந்தால் "ஓரளவு ஆல்கஹால் நீக்கப்பட்டது" என்றுதான் எழுத வேண்டும்.

3. ஆல்கஹால் நீக்கப்பட்டு 10 சதவீதத்துக்குக் கீழே வந்த சரக்குக்கு, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த நல்லது என்று போட வேண்டும். சாதாரண ஒயினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த மூன்றாவது விதி மளிகைக் கடைக்காரர் கண்ணுக்கு உடனே படும். ஆல்கஹாலே ஒயினைக் கெடாமல் காக்கிறது. காவலாளியை எடுத்துவிட்டால் வீட்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண ஒயின் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்து விலை ஏறவும் கூடும். ஆல்கஹால் நீக்கியதற்கு அந்த வசதி இல்லை. பழைய இருப்பை முன்னே வைத்து, புதியதைப் பின்னே அடுக்கும் வழக்கம் இதற்குக் கட்டாயம். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் முடித்துவிடச் சொல்ல வேண்டும்.

முதல் விதியில் இன்னொரு செய்தி மறைந்திருக்கிறது. "நீக்கப்பட்டது" என்றால் "துளியும் இல்லை" என்று பொருளன்று. 0.5 சதவீதம் வரை இருக்கலாம். நத்துரேயோவும் தொடக்கத்தில் 0.5 சதவீதத்துக்கு உட்பட்ட சரக்காகவே வந்தது. பின்னரே 0.0 என்ற எண்ணோடு வருகிறது. கார் ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் சமயக் கட்டுப்பாட்டால் ஒரு துளியும் தொடாதவர் ஒருவர் வருகிறார். குடிப்பழக்கத்திலிருந்து அரும்பாடுபட்டு மீண்டவர் ஒருவர் வருகிறார். கருவுற்ற மருமகளுக்காக வாங்க மாமியார் வருகிறார். இவர்களிடம் "ஒன்றுமில்லைங்க, வெறும் திராட்சை ஜூஸ்தான்" என்று சொல்லி ஒரு புட்டியைத் தள்ளிவிட்டால் நமக்கு அன்றைய லாபம் சில காசுகள். அவர்கள் இழப்பது எத்தனை நாள் கட்டிக் காத்த உறுதி! குடியிலிருந்து மீண்டவருக்கு அந்த மணமும் சுவையுமே பழைய வழியை நினைவூட்டிவிடக் கூடும். அவர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் வாங்காமல் போனாலும் சரி என்று விடுவதே வணிக தர்மம். நேர்மையான "இதில் கொஞ்சம் இருக்கிறது" என்ற சொல், அவரை நாளைக்கு மற்றப் பொருள் வாங்க அழைத்து வரும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. வாங்காமல் போகிறவரிடம் காரணம் கேளுங்கள். கோபத்தோடு போகிறவருக்கு மருந்து வேறு. விருப்பம் இருந்தும் வாங்க முடியாமல் போகிறவருக்கு மருந்து வேறு.

2. பக்கத்துத் தொழிலைப் பாருங்கள். பீரில் நடந்ததைப் பார்த்திருந்தால் ஒயினில் நடக்கப்போவதை ஊகித்திருக்கலாம்.

3. புதிய சரக்கில் கைவைக்கும்போது உங்களிடம் உள்ள வலுவான பொருளோடு தொடங்குங்கள். டோரஸ் மணமுள்ள மஸ்கட்டில் தொடங்கியது.

4. பழைய சரக்கை விட்டுவிடாதீர்கள். டோரஸ் தன் ஒயினையும் பிராந்தியையும் நிறுத்தவில்லை. புதியது பழையதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

5. பெயரை மறைத்து விற்க வேண்டிய சரக்கு என்றால் அதை விற்கவே வேண்டாம். உங்கள் பெயர் சொல்லி விற்க மனம் ஒப்பும் தரம் வரும்வரை காத்திருங்கள்.

6. புதிய சரக்கின் ஆயுளை அறிந்து கொள்முதல் செய்யுங்கள். மெதுவாக விற்பதும் சீக்கிரம் கெடுவதும் ஒன்று சேர்ந்தால் முதலே போய்விடும். ஆகவே முதல் கொள்முதல் சிறிதாகவே இருக்கட்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

அ. கடந்த ஓர் ஆண்டில் உங்கள் கடையில் எந்தப் பொருளை வாங்குவதை வழக்கமான வாடிக்கையாளர்கள் குறைத்திருக்கிறார்கள்? காரணம் விலையா, உடல்நலமா, பழக்க மாற்றமா?

ஆ. "இனிப்பு இல்லாதது", "கொழுப்பு நீக்கியது", "உப்புக் குறைந்தது" என்று எழுதிய பொருள்களில் எத்தனையின் சீட்டை நீங்களே முழுவதும் படித்திருக்கிறீர்கள்?

இ. உங்கள் பணியாளரிடம் ஒரு வாடிக்கையாளர் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அவர் தெரிந்து சொல்வாரா, ஊகித்துச் சொல்வாரா?

மூத்தவருக்குச் சொத்து போனதால் கப்பலேறிய ஓர் இளைய மகன் தொடங்கிய வியாபாரம் அது. குண்டு விழுந்தும் எழுந்தது, பீப்பாயிலிருந்து புட்டிக்கு மாறியது. ஐந்தாம் தலைமுறையின் காலத்தில், விருந்தில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தவரையும் திரும்பிப் பார்க்கிறது. இன்றிரவு கடையடைக்கும்போது விற்றதன் கணக்கை எழுதி முடித்த பின், பேரேட்டின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "இன்று வாங்காமல் போனவர் யார்? ஏன்?" ஒரு மாதம் எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த கொள்முதலுக்கு என்ன வாங்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.